லிஸ்பன் மாநகரம்: அழிந்தவையும் நின்றவையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

ஐரோப்பாவின் தலைநகர் ஒன்றைத் தேர்ந்து, அதன் வரலாற்றை எளிய முறையில் எடுத்துரைக்குமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். நான் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருப்பவன். ஐரோப்பாவைப் படத்திலன்றி நேரிற் கண்டவனும் அல்லன். நூல்களிற் படித்தவற்றைத் தொகுத்துச் சொல்வதன்றி வேறொன்றும் நான் செய்யப் போவதில்லை. குற்றம் காணின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

லண்டன், பாரிஸ், ரோம் ஆகிய நகரங்களைப் பற்றி இம்மேடையிலே பலரும் பேசக் கேட்டிருக்கின்றோம். நான் எடுத்துக்கொண்டது போர்த்துகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பன். வாஸ்கோ ட காமா 1498-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டுக் கரையில் வந்து இறங்கினான் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். அவன் எவ்வூரிலிருந்து புறப்பட்டான், அவ்வூர் பின்னர் என்ன ஆயிற்று என்பதை அறிந்தோர் சிலரே. இஃது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் தாய்மொழியைப் பற்றியது. அதனை அதற்குரிய இடத்திற் சொல்வேன்.

தாகஸ் என்னும் பேராறு அட்லாண்டிக் மாகடலிற் கலக்கும் இடத்திற்குச் சற்று உள்ளே, வடகரைக் குன்றுகளின்மேல் அமைந்தது லிஸ்பன். அவ்விடத்தில் ஆறு ஒரு சிறு கடல்போல விரிந்து கிடப்பதால், கப்பல்கள் புயலுக்கு அஞ்சாமல் தங்கலாம். கிரேக்கக் காவிய வீரனாகிய யுலிசீஸ் இந்நகரை நிறுவினான் என்பது பழங்கதை. கதையை ஒதுக்கிவிட்டு மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள், பினீஷிய வணிகர் அங்கே வாழ்ந்ததற்குரிய சான்றுகளைக் கண்டனர். பின்னர் ரோமர் வந்தனர். ஒலிசிப்போ என்று பெயர் வழங்கிற்று. குன்றின்மேல் ஒரு நாடக அரங்கு கட்டினர். ஆற்றங்கரையில் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொட்டிகளை அமைத்தனர். அத்தொட்டிகளை இன்றும் நகரின் நடுவே, ஒரு கட்டடத்தின் அடியிற் காணலாம்.

ரோமர் ஆட்சி சாய்ந்த பின் ஜெர்மானியக் குலத்தார் ஆண்டனர். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபு மொழி பேசும் முஸ்லிம்கள் நகரைக் கைக்கொண்டனர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் ஆட்சி நடந்தது. நகரின் மிகப் பழைய பகுதிக்கு அல்பாமா என்று பெயர். வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். ஆட்சி போயிற்று; சொல் போகவில்லை.

1147-ஆம் ஆண்டில் போர்த்துகலின் முதல் மன்னனாகிய அபோன்சோ என்றிகேஸ், புனிதப் போருக்காகக் கடல்வழியே சென்றுகொண்டிருந்த ஆங்கிலேயர், பிளெமிஷார், ஜெர்மானியர் ஆகியோரைத் துணைக்கொண்டு நகரை முற்றுகையிட்டான். ஏறத்தாழ நான்கு திங்கள் கழித்து நகரம் வீழ்ந்தது. அக்காலத்தில் முஸ்லிம்களின் ஆட்சியின்கீழ்க் கிறிஸ்தவர்களும் அங்கே வாழ்ந்தனர். அவர்களுக்கு ஒரு மேற்றிராணியாரும் இருந்தார். கிறிஸ்துவின் பெயரால் நகருக்குள் புகுந்த படைவீரர் சிலர், அம்முதிய மேற்றிராணியாரையே கொன்றனர் என்று அப்போரை நேரிற் கண்டவர் எழுதிய ஏடு கூறுகின்றது. வென்றவர் பக்கத்தைச் சேர்ந்தவரே இதனை மறையாமல் எழுதிவைத்தார் என்பது போற்றத்தக்கது.

அடுத்த நூற்றாண்டில், 1255-ஆம் ஆண்டையொட்டி, அரசவை கோயிம்பிரா என்னும் ஊரிலிருந்து லிஸ்பனுக்கு மாறிற்று. அதுமுதல் அதுவே தலைநகராயிற்று.

இனி, நாம் அறிந்த கதைக்கு வருகின்றோம். 1497-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நகருக்கு மேற்கேயுள்ள பெலேம் என்னும் துறையிலிருந்து வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களோடு புறப்பட்டான். சென்றவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே உயிரோடு திரும்பினர். ஆயினும் மிளகு வந்து சேர்ந்தது. மிளகும், இலவங்கமும், பட்டையும் வந்து இறங்க இறங்க, ஆற்றங்கரையில் மன்னனுக்கு ஒரு புதிய அரண்மனை எழுந்தது. அதனருகே "இந்தியா மாளிகை" என்னும் பெயரோடு ஒரு பெரிய அலுவலகம் நடந்தது. கப்பல்களின் கணக்கு, சரக்கின் கணக்கு, சுங்கக் கணக்கு யாவும் அங்கே எழுதப்பட்டன. பெலேம் துறையிலே ஜெரோனிமஸ் மடம் என்றொரு பெருங்கோயில் கட்டப்பட்டது. அதன் கட்டடச் செலவில் பெரும்பகுதி, கீழ்த்திசை வாணிகத்தின்மேல் விதித்த 20-இல் ஒரு பங்கு வரியிலிருந்து வந்தது. அந்த வெண்கற் சுவர்களிலே மலையாளக் கரை மிளகின் பங்கும் உண்டு என்று நாம் கொள்ளலாம்.

குழந்தைகளுக்காக ஒரு சிறு நிகழ்ச்சி. குஜராத் சுல்தான் பரிசாகக் கொடுத்த ஒரு காண்டாமிருகம், கோவாவிலிருந்து கப்பலேறி 1515-ஆம் ஆண்டு மே 20-இல் லிஸ்பன் சேர்ந்தது. ரோமர் காலத்துக்குப் பின் ஐரோப்பா அத்தகைய விலங்கைக் கண்டதில்லை. மன்னன் மனுவேல் அதனை ஒரு யானையோடு மோதவிட்டுப் பார்க்க விரும்பினான். ஊரே கூடி நிற்க, காண்டாமிருகத்தைக் கண்ட இளம் யானை வேலியை முறித்துக்கொண்டு தன் கொட்டிலுக்கே ஓடிப்போயிற்று! பின்னர் அவ்விலங்கைப் போப்பாண்டவருக்கு அனுப்பினர்; வழியிற் கப்பல் உடைந்து அது மாண்டது. ஜெர்மானிய ஓவியராகிய டியூரர், அதனைப் பாராமலே, வந்த கடிதத்தையும் கோட்டுப் படத்தையும் கொண்டு வரைந்த சித்திரம் உலகப் புகழ் பெற்றது.

செல்வம் வந்த அந்நாளிலே நீதி உடன் வந்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். யூதர்கள் மதம் மாறுமாறு வற்புறுத்தப்பட்டனர். மாறிய பின்னும் அவர்கள்மேல் ஐயம் தீரவில்லை. 1506-ஆம் ஆண்டு, பஞ்சமும் கொள்ளை நோயும் வாட்டிய வேளையில், ஒரு கோயிலில் எழுந்த சிறு பூசல் கலகமாக மூண்டு, மூன்று நாட்களில் ஏறத்தாழ 2,000 பேர் கொல்லப்பட்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து விற்றனர். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் நகர மக்களிற் பத்தில் ஒருவர் அடிமை என்று அக்காலத்துக் கணக்கே கூறுகின்றது. மாளிகைகளைப் பார்த்து வியக்கும்பொழுது இக்கணக்கையும் நாம் மறத்தலாகாது.

இங்கேதான் நான் சொன்ன இரண்டாவது காரணம் வருகின்றது. 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்து அச்சுக்கூடம் ஒன்றில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. கிறிஸ்தவ மதப் பாடங்கள் அடங்கிய அந்நூலின் மொழி யாதெனிற் போர்த்துகீசியமும் நம் தமிழும்! முத்துக்குளித்துறைப் பரதவர் பல்லாயிரவர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கிறிஸ்தவம் தழுவியிருந்தனர். வின்சென்தே, ஜார்ஜ், தோமா என்னும் பெயர்கள் பூண்ட, தமிழறிந்த இந்தியர் மூவர் அந்நூலை ஆக்கித் தந்தனர். ஆனால் அந்நகரில் தமிழ் அச்செழுத்து ஏது? ஆகவே, தமிழ்ச் சொற்களை ரோமானிய எழுத்திலேயே ஒலிபெயர்த்து அச்சிட்டனர். அச்சு வாகனம் ஏறிய முதல் தமிழ் அதுவே. தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட நூல் 24 ஆண்டுகள் கழித்து, 1578-இல், கொல்லத்தில் வெளிவந்தது.

அம்மூவரையும் நான் பலமுறை எண்ணிப் பார்ப்பதுண்டு. அறியாத குளிர்; அறியாத உணவு; தம் மொழியில் இரண்டு வார்த்தை பேசுதற்கு அவ்வூரில் எத்தனை பேர் இருந்திருப்பர்? அத்தகைய இடத்தில் அமர்ந்து, தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் வேற்று எழுத்திற் பெயர்த்துக் கொடுத்தனர். நிற்க.

1578-இல் இளம் மன்னன் செபஸ்தியான் மொராக்கோவிற் போரிட்டு மாண்டான். அவனுக்கு மக்கள் இல்லை. 1580-இல் ஸ்பெயின் மன்னன் நாட்டைக் கைப்பற்றினான். 60 ஆண்டுகள் லிஸ்பன் பிறர் ஆட்சியிற் கிடந்து, 1640 டிசம்பர் 1-இல் விடுதலை பெற்றது. கீழ்த்திசை மிளகு டச்சுக்காரர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. 18-ஆம் நூற்றாண்டிற் பிரேசில் நாட்டுப் பொன் வந்தது, மீண்டும் ஆடம்பரம். ஆயினும் அக்காலத்துப் பணி ஒன்றைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது. தண்ணீர்ப் பஞ்சம் தீர்க்க, 1731-இல் தொடங்கி ஒரு பெரும் நீர்க்கால்வாய் கட்டினர். பொதுமக்கள் வாங்கிய இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் மதுவுக்கும் விதித்த வரியே அதற்குப் பொருளாயிற்று. பள்ளத்தாக்கைக் கடக்குமிடத்தில் அதன் வளைவு ஒன்று 65 மீட்டர் உயரம். 1748-இல் நகருக்குத் தண்ணீர் வந்தது.

இனி, 1755-ஆம் ஆண்டு நவம்பர் 1. அன்று சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல் கோயில்களெல்லாம் மக்களால் நிரம்பியிருந்தன. பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அவ்வேளையில் நிலம் நடுங்கிற்று. சில நிமிடங்களில் கோயிற் கூரைகள் வழிபட்டோர்மேல் விழுந்தன. தப்பியவர்கள் திறந்த வெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே நீர் உள்வாங்கிற்று. பின்னர் மலைபோலத் திரண்டு வந்து கரையில் நின்றோரை வாரிச் சென்றது. விழுந்த விளக்குகளாலும் அடுப்புகளாலும் பற்றிய தீ ஏறத்தாழ ஐந்து நாட்கள் எரிந்தது. மாண்டவர் தொகை 30,000-ஐ ஒட்டியது என்பர் பலர். அதனினும் கூட்டிச் சொல்வாரும் குறைத்துச் சொல்வாரும் உளர். அரண்மனை போயிற்று. 70,000 நூல்கள் கொண்ட அரச நூல்நிலையம் போயிற்று. கட்டித் திறந்து ஏழு திங்களே ஆன இசை நாடக அரங்கு போயிற்று. இந்தியா மாளிகையும், இரண்டரை நூற்றாண்டுக் கடல் வாணிகக் கணக்குகளும் போயின. மிளகாலும் பொன்னாலும் சேர்த்தது ஒரே நாளிற் சாம்பலாயிற்று. பொதுமக்கள் வரியாற் கட்டிய நீர்க்கால்வாய் மட்டும் அசையாது நின்றது.

மன்னன் ஜோசே அன்று ஊருக்கு வெளியே இருந்தமையால் உயிர் தப்பினான். அதன்பின் கல்வீட்டிற் படுக்க அஞ்சிக் கூடாரத்திலும் மரவீட்டிலுமே வாழ்ந்தான். பொறுப்பு முழுவதும் அமைச்சர் கார்வாலியோ என்பவரின் தோளில் விழுந்தது. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று வரலாறு அழைப்பது இவரையே. இனி என்ன செய்வது என்று மன்னன் கேட்டபோது, இறந்தோரை அடக்கம் செய்து இருப்போருக்கு உணவளிப்பதே வேலை என்று அவர் விடையிறுத்ததாகச் சொல்வர். கொள்ளை நோய் பரவாதிருக்க, பிணங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் அமிழ்த்தினர். தானிய விலையை ஏற்றக்கூடாதென்று கட்டளையிட்டனர். கொள்ளையடித்தோரைத் தூக்கிலிட்டனர். நகரத்துச் செய்தித்தாள் அவ்வாரமும் வெளிவந்தது.

இங்கே இரண்டு செய்திகளைச் சற்று நின்று சொல்ல விரும்புகின்றேன். நாள் முழுவதும் காகிதங்களோடு வாழும் குமாஸ்தாவாகிய எனக்கு, அரண்மனைகளைக் காட்டிலும் இவை பெரியனவாகத் தோன்றுகின்றன.

முதலாவது, மனுவேல் ட மாயா என்னும் பொறியாளரைப் பற்றியது. அன்று அவருக்கு வயது 78. கோட்டைக் கோபுரத்தில் இருந்த அரச ஆவணக் களரிக்கும் அவரே தலைவர். கோபுரம் இடிந்து விழுந்தது. அம்முதியவர், இடிபாடுகளின் நடுவிலிருந்து பழைய ஏடுகளை எல்லாம் எடுக்கச் செய்து, மரக்கொட்டகை அமைத்து, மழை நனையாமற் காத்தார். நாட்டின் பல நூற்றாண்டு ஆவணங்கள் இன்றும் லிஸ்பனில் இருப்பதற்கு அவரே காரணர்.

இரண்டாவது, ஒரு கேள்வித்தாளைப் பற்றியது. 1756-இல் அமைச்சர், நாட்டின் பங்குகள் அனைத்துக்கும் ஒரே வகையான வினாக்கள் பத்துக்கு மேற்பட்டவற்றை அனுப்பினார். நடுக்கம் எப்பொழுது தொடங்கிற்று? எவ்வளவு நேரம் நீடித்தது? எத்திசையில் மிகுதியாக உணரப்பட்டது? எத்தனை வீடுகள் விழுந்தன? எத்தனை பேர் இறந்தனர்? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? நிலம் பிளந்ததா? இவ்வாறு கேட்டார். எங்கள் அலுவலகத்திற் பார்சல் ஒன்று காணாமற் போனால், எந்த நிலையத்தில் ஏற்றினர், முத்திரை சிதைந்திருந்ததா, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டு எழுதுவோம். அழுபவரின் துயரம் அதனால் தீராது. ஆனால் நடந்தது இன்னதென்று விளங்கும். அக்காலத்தில் கபிரியேல் மலாகிரிதா என்னும் பாதிரியார், இது மக்கள் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என்று நூல் எழுதினார். அமைச்சரோ, பாவத்தைப் பற்றிக் கேளாமல் நேரத்தையும் திசையையும் கேட்டார். வந்த விடைகள் அழியாமல் உள்ளன. நிலநடுக்க ஆராய்ச்சியாளர் இன்றும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

அமைச்சரைக் குறையில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கொடுமையும் செய்தவர். அந்தப் பாதிரியாரை 1761-இல் கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கியதும் அவர் ஆட்சியே. ஆயினும் நகரைத் திரும்பக் கட்டிய முறை பாராட்டற்குரியது. பழையபடியே கட்டுவதா, தெருவை அகலமாக்குவதா, வேறிடம் பெயர்வதா என்று மாயா பல வழிகளை எழுதிக் காட்டினார். இறுதியில், ஆற்றங்கரைத் தாழ்நிலம் முழுவதையும் சமன்படுத்தி, நேரான அகன்ற தெருக்கள் போட்டனர். வீட்டுச் சுவருக்குள்ளே மரச்சட்டங்களாற் கூண்டு போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தினர். நிலம் நடுங்கினால் மரம் வளைந்து கொடுக்கும், வீடு விழாது. மாதிரி ஒன்று செய்து, அதனைச் சுற்றிப் படைவீரரை அடியெடுத்து நடக்கச் செய்து சோதித்தனர் என்பர். பொற்கொல்லர் தெரு, வெள்ளித் தெரு, சக்கிலியர் தெரு என்று தொழில்வாரியாக அமைத்த அத்தெருக்கள் இன்றும் அப்பெயர்களோடு உள்ளன. கார்மோ மடத்துக் கோயிலுக்கு மட்டும் கூரை போடாமல் விட்டனர். கல் வளைவுகளின் ஊடே வானம் தெரிய, அது நினைவுச் சின்னமாக நிற்கின்றது.

பிற்கால நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்கின்றேன். 1807-இல் நெப்போலியன் படை நெருங்கவே, அரச குடும்பம் கப்பலேறிப் பிரேசிலுக்குச் சென்றது. 1856 அக்டோபர் 28-இல் லிஸ்பனிலிருந்து முதல் ரயில் ஓடிற்று. நம் சென்னை இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டதும் அதே 1856-இல், ஜூலை 1-ஆம் நாள். அதாவது, நம்மவர் நான்கு திங்கள் மூத்தவர்! 1908-இல் மன்னனும் பட்டத்து இளவரசனும் ஆற்றங்கரைச் சதுக்கத்திற் சுடப்பட்டு இறந்தனர். 1910 அக்டோபர் 5-இல் குடியரசு பிறந்தது. 1926-இல் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். பின்னர் சாலசார் என்பவரின் சர்வாதிகாரம் நெடுங்காலம் நடந்தது. 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு இணைந்தது. 1974 ஏப்ரல் 25-இல் இளம் படை அதிகாரிகள் கிளர்ந்தெழுந்தனர். மக்கள் அவர்களின் துப்பாக்கி முனைகளிற் சிவப்புப் பூக்களைச் செருகினர். 48 ஆண்டு அடக்குமுறை ஒரே நாளில் முடிந்தது. ஆட்சித் தலைவர் சரணடைந்த இடம், கூரையில்லாத அந்தக் கார்மோ கோயிலை ஒட்டிய படைவீடே. பின்னர் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் வந்து இறங்கினர். மொசாம்பிக்கில் வாழ்ந்த குஜராத்தியரும் அவர்களோடு வந்து லிஸ்பனிற் குடியேறினர். 2008-இல், 1506-ஆம் ஆண்டுப் படுகொலை நடந்த இடத்திலேயே அதற்கொரு நினைவுக்கல் நாட்டினர். 500 ஆண்டு கழித்தாயினும் தவற்றை ஒப்புக்கொண்டு கல்லில் எழுதினர்.

அன்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நான் அறிந்துகொண்டது இதுதான்: கடல் கடந்து வாரிக் கொண்டுவந்த செல்வம் நிற்கவில்லை, கேட்டு எழுதிய விடைகளும் காத்து வைத்த ஏடுகளும் நின்றன. அச்சிறு தமிழ் நூலும் ஒரு படி லிஸ்பனிலே எஞ்சி நின்றது.

சென்ற ஆண்டு என் மகள் ஊரிலிருக்கும் தன் பாட்டிக்கு ஒரு வாழ்த்து எழுதினாள். சொல்லெல்லாம் தமிழ், எழுத்தோ ஆங்கிலம். பாட்டிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து படித்துக் காட்டும் வரை அதனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாளாம். அம்மூவர் வேற்றெழுத்தில் தமிழை எழுதியது, அங்கே தமிழ் அச்சு இல்லாமையால். நம் பிள்ளைகள் எழுதுவது, நாம் கற்றுக் கொடாமையால். குற்றம் என் மகளுடையது அன்று, என்னுடையது. நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளை இப்பொழுது தவறாமல் அனுப்புகின்றேன்.

மற்றொன்று. நம் சங்கத்தின் முதற் பத்தாண்டுக் குறிப்பேடு இன்று எவரிடமும் இல்லை. இந்தக் காலனிக்கு முதலில் வந்த குடும்பம் எது என்று கேட்டால் மூவர் மூன்று விடை சொல்கின்றனர். ஆகவே, லிஸ்பன் அமைச்சரைப் பின்பற்றி நானும் ஒரு கேள்வித்தாள் எழுதி வந்துள்ளேன். வினாக்கள் பத்து. உங்கள் குடும்பம் எவ்வூரிலிருந்து வந்தது? எந்த ஆண்டில்? என்ன வேலைக்கு? முதலில் தங்கிய வீடு எது? வீட்டில் எத்தனை பேருக்குத் தமிழ் எழுதத் தெரியும்? இப்படிச் செல்கின்றன அவ்வினாக்கள். வாயிலில் வைத்திருக்கின்றேன். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் சென்று, முதியவர்களைக் கேட்டு, தமிழிலேயே நிரப்பி, பொங்கலுக்குள் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றேன். எழுதுவதைப் பிள்ளைகளின் கையால் எழுதச் செய்யுங்கள்.